காப்பி, கொக்கோ, வெண்ணெய், ஓவன்: பெங்களூரு வீட்டுப் பிரவுனியின் வரலாறு

உணவு வரலாற்றைப் பற்றிய மாணவர் விவாதங்களில் ஒரு பாகுபாடு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. களியும் கூழும் இட்லியும் 'நம்முடையவை'. கேக்கும் குக்கியும் பிரவுனியும் 'வந்தவை'. பெங்களூரின் அடுக்ககக் குடியிருப்புகளில் இன்று வீட்டிலேயே சுடப்படும் காப்பி சாக்லேட் பிரவுனியை இரண்டாம் வகைக்குத் தக்க சான்றாகக் காட்டுவோர் பலர். பெயர் ஆங்கிலம், செய்முறை அமெரிக்கம், அளவு 'கப்', வெப்பம் மின்சாரம். இதில் நம்முடையது என்று எதைச் சொல்வது என்பது அவர்களுடைய கேள்வி.

கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண அந்தப் பிரவுனியை உட்பொருள் வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். காப்பி, கொக்கோ, சர்க்கரை, வெண்ணெய், ஓவன் ஆகிய ஐந்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தென்னிந்தியாவுக்குள் எப்போது, யார் கையால், யாருக்காக வந்தது என்று கேட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்பொருள்களில் பெரும்பாலானவை நெடுங்காலமாக நம் மலைகளிலும் சந்தைகளிலும் இருந்தவை. வீட்டுக்கு வெளியே இருந்தது ஓவன்தான். 'நம்முடையது', 'வந்தது' என்ற பாகுபாட்டைவிட, விளைவித்தவர்களுக்கும் உண்டவர்களுக்கும் இடையே இருந்த தொலைவுதான் இவ்வரலாற்றில் முதன்மையான செய்தி.

முதலில் பெயர். ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் 'பிரவுனி' என்பது, வீட்டார் உறங்கும்போது வந்து வீட்டு வேலைகளைச் செய்துவிட்டுப் போகும் ஒரு குட்டித் தெய்வம். பாமர் காக்ஸ் என்ற ஓவியர் 1887-இல் வெளியிட்ட சித்திரக் கதைநூல் இச்சொல்லை வட அமெரிக்கக் குழந்தைகளிடையே பரப்பியது. பாஸ்டன் சமையற்கலைப் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலில் 'பிரவுனிஸ்' என்ற தலைப்பில் ஒரு குறிப்பு உண்டு. ஆனால் அதில் சாக்லேட் இல்லை. கரும்புப் பாகு சேர்த்துச் சுட்ட சிறு கேக்குகளுக்கே அப்பெயர் தரப்பட்டிருந்தது. அதே நூலின் 1906-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சாக்லேட் பிரவுனி இடம்பெறுகிறது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காகப் பாமர் ஹவுஸ் விடுதியில் இது முதலில் செய்யப்பட்டது என்ற கதையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. எவ்வாறாயினும், பண்டத்துக்கு முன்பே பெயர் பிறந்துவிட்டது என்பது மொழியியல் மாணவர்கள் கவனிக்கத்தக்கது. பழம்பெரும் மேலை மரபு என்று நாம் எண்ணும் இப்பண்டத்துக்கு வயது நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான்.

ஃபார்மரின் நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1898-இல், பெங்களூரு சிக்பேட்டையில் எச்.எஸ்.திருமலாச்சார் 'பி.பி. பேக்கரி' என்று பின்னர் அறியப்பட்ட பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியைத் தொடங்கினார். ஆகவே சாக்லேட் பிரவுனிக்கு முன்பே பெங்களூரின் உள்ளூர்ப் பேக்கரி மரபு பிறந்துவிட்டது. இம்மரபுக்குப் பின்னர் வருவோம்.

காப்பியைப் பொறுத்தவரை கர்நாடகத்தின் தொன்மம் எல்லோரும் அறிந்ததே. 17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி ஞானி மெக்காப் பயணத்திலிருந்து திரும்பும்போது ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூரு மலையில் விதைத்தார் என்பது அது. அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தொன்மத்துக்கு அப்பால், பெருந்தோட்டப் பயிராகக் காப்பி பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். மைசூர், குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலை, பழனி மலை என ஒவ்வொரு மலையிலும் காடு அழிக்கப்பட்டுத் தோட்டம் எழுந்தது. இன்று இந்தியக் காப்பியில் ஏறத்தாழ 70 விழுக்காடு கர்நாடகத்தில் விளைகிறது.

தமிழர்களுக்குக் காப்பியோடு ஏற்பட்ட முதல் பெருந்தொடர்பு நாவின் வழியாக ஏற்பட்டதன்று. 1820-களிலிருந்தே தமிழ் மாவட்டங்களின் ஏழைக் குடியானவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இலங்கையின் கண்டி மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்த பயணத்தில் காலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர்கள் ஏராளம். இலங்கைத் தமிழில் இப்பயிரின் பெயர் 'கோப்பி'. தமிழகத்தின் 'காப்பி' ஆங்கில வழியைக் காட்ட, இலங்கையின் 'கோப்பி' டச்சுச் சொல்லான 'கோஃபி'க்கு நெருக்கமாக நிற்கிறது. ஒரே பண்டத்துக்கு ஒரே மொழியில் இரு வடிவங்கள் நிலைத்திருப்பது, அப்பண்டம் இரு வேறு பேரரசுகளின் வழியாக நம்மை வந்தடைந்ததன் தடயம்.

1869-இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பி கிருஷிக் கும்மி' வெளிவந்தது. காப்பிப் பயிரிடும் முறையைத் தோட்டத் தொழிலாளருக்குக் கும்மிப் பாட்டாகக் கற்பிக்கும் நூல் அது. பேசும் குரல் தோட்ட நிருவாகத்தின் குரல். மலையக அச்சு இலக்கியத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. இந்நூல் அச்சான அதே ஆண்டில்தான் இலங்கைத் தோட்டங்களில் காப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் வீழ்ந்தது. மலைகள் தேயிலைக்கு மாறின. தொழிலாளர்கள் அங்கேயே தங்கினர். கர்நாடக மலைகளிலும் முன்பணம் கொடுத்து ஆள்சேர்க்கும் மேஸ்திரிமார் வழியாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் தென் கன்னடத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். மைசூர் அரசு 1925-இல் பாலெஹொன்னூரில் நிறுவிய காப்பி ஆய்வு நிலையம் துருநோயைத் தாங்கும் வகைகளைத் தேடியது. அங்கு உருவான எஸ்.795 என்ற அரபிக்கா வகை இன்றும் பரவலாகப் பயிராகிறது.

நாவின் வழியான தொடர்பு பின்னர் வந்தது. தமிழ் நடுத்தர வகுப்பு வீடுகளில் காப்பி நுழைந்த விதத்தையும், அது எழுப்பிய பண்பாட்டுப் பதற்றங்களையும் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் ஆராய்ந்துள்ளார். நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்துக்கொள்கிறது என்ற புலம்பல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாகக் கேட்டது. அன்று 'வந்தது' என்று தூற்றப்பட்ட காப்பி, இரண்டு தலைமுறைக்குள் கும்பகோணம் டிகிரி காப்பி என்ற பெயரில் தமிழ் மரபின் சின்னமாகவே ஆகிவிட்டது. இன்று பிரவுனியை 'வந்தது' என்று தள்ளிவைப்பவர்கள் இந்த முன்னுதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம்.

அந்தச் சின்னத்துக்கும் ஒரு வேலி இருந்தது. பெங்களூரில் 1924-இல் தொடங்கப்பட்ட இன்றைய எம்.டி.ஆர். உணவகத்தின் முதற்பெயர் 'பிராமின் காபி கிளப்'. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் போராட்டம் நடத்தியது 1957-இல். அதே 1957-இல் காப்பி வாரியம் தன் காப்பிக்கடைகளை மூட முற்பட்டபோது, வேலையிழந்த பணியாளர்கள் ஏ.கே.கோபாலனின் வழிகாட்டலில் கூட்டுறவுச் சங்கங்களை அமைக்கத் தொடங்கினர். அவற்றுள் முதலாவது பெங்களூரில் உருவானது. காப்பி யாருடையது என்ற கேள்வி ஒரே ஆண்டில் இரு நகரங்களில் இரு வடிவங்களில் எழுந்தது. தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தவர்கள் அக்கேள்வியில் எங்கும் இடம்பெறவில்லை.

கொக்கோவின் வரலாறு இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. 'கொக்கோ', 'கக்காவ்' என்னும் பெயர்களின் மூலத்தை நடு அமெரிக்காவின் மிஹே-சோக்கே மொழிக் குடும்பத்தின் 'ககவ' என்ற தொல்வடிவத்தில் காண்போர் மொழியியலாளருள் பலர். 1753-இல் லின்னேயசு இம்மரத்துக்குத் 'தியோபுரோமா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'தெய்வங்களின் உணவு' என்பது அதன் பொருள். இம்மரம் இந்திய மண்ணில் முதலில் நடப்பட்ட இடம் நம் குற்றாலம். சாதிக்காய், கிராம்பு போன்ற வாசனைப் பயிர்களை வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே தோட்டம் அமைத்த காலத்தில், 1798-இல், மொலுக்கத் தீவுகளிலிருந்து கொக்கோக் கன்றுகளும் வந்தன. ஆனால் அது பயிராகப் பரவவில்லை. ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழித்து, 1960-களின் நடுவில், காட்பரி நிறுவனம் வயநாட்டுச் சுண்டேலில் மாதிரித் தோட்டம் அமைத்த பின்னரே கொக்கோ வணிகப் பயிராக வேர்பிடித்தது. தென்னந்தோப்புகளிலும் கமுகந்தோப்புகளிலும் ஊடுபயிராக நட உழவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர்.

பின்னர் வந்தது வீழ்ச்சி. 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் கொள்முதல் சரிந்தது. வாங்க ஆளின்றிக் கொக்கோக் காய்கள் தோப்பிலேயே அழுகின. கேரளத்தில் மரங்களையே வெட்டி எறிந்தவர்கள் உண்டு. 1973-இல் பாக்கு உழவர்களுக்காக மங்களூரில் உருவான கேம்ப்கோ கூட்டுறவு அமைப்பு அப்போது கொக்கோக் கொள்முதலிலும் இறங்கியது. 1986-இல் தென் கன்னட மாவட்டம் புத்தூரில் தனக்கெனச் சாக்லேட் ஆலையையும் திறந்தது. பன்னாட்டு நிறுவனம் ஊக்குவித்த பயிரை அந்நிறுவனத்தின் கொள்முதலை மட்டும் நம்பி வளர்த்ததன் விளைவுக்கு உழவர்கள் தாமே கண்ட விடை அவ்வாலை. இன்று பெங்களூரின் பலசரக்குக் கடைகளில் கிடைக்கும் சமையல் சாக்லேட் கட்டிகளிலும் கொக்கோத் தூளிலும் புத்தூரின் பங்கு உண்டு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளிலும் கொக்கோ விளைகிறது. அக்கொட்டைகளைக் கொண்டே சாக்லேட் செய்யும் சிறு தொழிற்கூடங்களும் தமிழகத்தில் எழுந்துள்ளன.

புத்தூர் என்ற ஊர்ப்பெயர் இன்னொரு தமிழ் வரலாற்றிலும் வருகிறது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் கர்நாடகத்தின் புத்தூர், சுள்ளியா வட்டங்களில் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். துளுவும் கன்னடமும் சூழ்ந்த அம்மண்ணில் இன்றும் தமிழ் பேசும் குடியிருப்புகள் இருப்பது இதனால்தான். காப்பிக்காக 19-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், தேயிலையைக் கடந்து, ரப்பர் மரங்களுக்கிடையே வந்து சேர்ந்தனர். அவர்களுடைய வட்டத்திலேயே சாக்லேட் ஆலையும் எழுந்தது. காப்பியையும் சாக்லேட்டையும் ஒரே தட்டில் அடுக்கும் பண்டத்தைப் பற்றி எழுதும்போது இவ்வூரைக் குறிப்பிடாமல் கடக்க இயலவில்லை.

சர்க்கரையின் கதையில் திசை மாறுகிறது. சமஸ்கிருதத்தின் 'சர்க்கரா' பாரசீகம், அரபு, இலத்தீன் வழியாகச் சென்று ஆங்கிலத்தின் 'சுகர்' ஆனது. அதாவது இப்பொருளும் பெயரும் இங்கிருந்து சென்றவை. தமிழில் வெள்ளைச் சர்க்கரைக்கு வழங்கும் 'சீனி' சீனத்தைச் சுட்டுகிறது. சென்னைப் பகுதி முதியோர் பேச்சில் இன்றும் கேட்கும் 'அஸ்கா', அன்று சென்னை மாகாணத்தில் இருந்து இன்று ஒடிசாவுக்குள் அடங்கும் கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்ற ஊரின் பெயர். அங்கிருந்த ஆலைச் சர்க்கரை ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டது. உட்பொருளின் பெயருக்குள் ஊர் மறைந்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெண்ணெய் நம்மைப் பெங்களூருக்கு அழைத்து வருகிறது. தமிழகக் குடும்பம் ஒன்று 1905-இல் குன்னூர்ப் பகுதியில் வெண்ணெய் வணிகமாகத் தொடங்கிய 'நீல்கிரிஸ்', 1936-இல் பெங்களூரு பிரிகேட் சாலைக்கு வந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் தண்டுப் பகுதியின் ஆங்கிலேயரும் ஆங்கிலோ-இந்தியரும். தயிர் கடைந்து எடுக்கும் நம் வீட்டு வெண்ணெய் உருக்கி நெய்யாவதற்கே உரியது; பாலாடை கடைந்து உப்பிட்டுக் கட்டியாக விற்கப்பட்ட வெண்ணெய் வேறொரு பொருள், வேறொரு சந்தை. பிரவுனிக்கு வேண்டியது இரண்டாவது. 1970-களில் இந்நிறுவனத்தின் முயற்சியால் தொடங்கிய கேக் கண்காட்சி பெங்களூரின் கிறிஸ்துமசு கால வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது.

இனி ஓவன். ஆங்கிலத்தின் 'பேக்' என்ற வினைக்குத் தமிழில் நிலைபெற்ற ஒற்றைச் சொல் இல்லை. 'சுடு' என்கிறோம். ஆனால் தோசையைக் கல்லில் சுடுகிறோம், வடையை எண்ணெயில் சுடுகிறோம், கிழங்கைத் தணலில் சுடுகிறோம், பானையைச் சூளையில் சுடுகிறோம். மூடிய அறைக்குள் உலர்வெப்பத்தால் மாவை வேகவைக்கும் செயலை மட்டும் குறிக்கும் வினை இல்லை. சமைத்தலைக் குறித்த 'அடு' என்ற பழந்தமிழ் வினை பேச்சில் வழக்கொழிந்து 'அடுப்பு' என்ற பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது. கன்னடத்தில் அதே வேர் 'அடிகெ' என்ற வடிவில், சமையல் என்ற பொருளில், அன்றாடம் வாழ்கிறது. அவ்வேரிலிருந்து தமிழில் 'அடுமனை' என்ற புதுச்சொல்லை ஆக்கினோம். இலங்கையில் 'வெதுப்பு' என்ற வினையிலிருந்து 'வெதுப்பகம்' உருவானது. போர்த்துகீசியரின் ஆட்சியைக் கண்ட யாழ்ப்பாணத்தில் ரொட்டிக்குப் 'பாண்' என்றும் ஓவனுக்குப் 'போறணை' என்றும் பெயர். இரண்டும் போர்த்துகீசிய வழிச் சொற்களாகக் கொள்ளப்படுபவை. தமிழகத்தில் ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதினால் 'அவன்' என்ற சுட்டுப்பெயரோடு மயங்குகிறது. ஆகவே நான் 'ஓவன்' என்றே எழுதுகிறேன்.

சொல் இல்லாததற்குக் காரணம் பொருள் வீட்டுக்குள் இல்லாமையே. 1809-இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு வந்தபோது தண்டுப் பகுதி உருவாயிற்று. படைக்கு ரொட்டி வேண்டும். ரொட்டிக்குச் செங்கல் ஓவன் வேண்டும். படையைத் தொடர்ந்து வந்து அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளில் குடியேறிய தமிழர்களுள் சமையலரும் பணியாளரும் இருந்தனர். அவர்கள் ஓவனோடு பழகியது பிறர் வீட்டிலும் பிறர் கடையிலும்தான். 1902-இல் தொடங்கப்பட்ட ஆல்பர்ட் பேக்கரி தண்டுப் பகுதியின் அம்மரபில் இன்றும் எஞ்சி நிற்பது.

பேட்டைப் பகுதியில் நடந்தது வேறு. ஹாசன் வட்டாரத்திலிருந்து வந்த திருமலாச்சார் தம் இனிப்புக் கடைக்கு வந்த ஆங்கிலேயர் ஒருவரிடம் ரொட்டி செய்யக் கற்றார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அன்று ரொட்டி மாவைப் புளிக்கவைக்கக் கள் பயன்பட்டதும், கேக்குக்கு முட்டை இன்றியமையாததாக இருந்ததும் ஆசாரமான வீடுகளைப் பேக்கரியிலிருந்து விலக்கி வைத்திருந்தன. முட்டையில்லாக் கேக்கும் 'ஐயங்கார்' என்ற பெயரும் சேர்ந்து அவ்விலக்கத்தைத் தளர்த்தின. காரா பன், தில்பசந்து, சர்க்கரைப்பாகில் நனைத்து மேலே பழப்பாகு தடவித் தேங்காய்த் துருவல் தூவிய தேன் கேக் ஆகியவை அம்மரபின் ஆக்கங்கள். அடுக்கடுக்கான பிரவுனிக்குப் பெங்களூரில் ஒரு முன்னோடி தேட வேண்டுமானால் நான் தேன் கேக்கையே காட்டுவேன். அதே வேளையில், ஒரு பண்டம் பொதுவில் ஏற்கப்பட ஒரு சாதிப்பெயர் உறுதிச்சீட்டாகத் தேவைப்பட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இன்று அப்பெயரைத் தாங்கிய கடைகள் பலவற்றை நடத்துவோர் ஐயங்கார்கள் அல்லர். பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது.

வீட்டுக்கும் ஓவனுக்கும் இடையே இடைநிலைக் காலம் ஒன்றும் இருந்தது. பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் கிறிஸ்தவ, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமசு கேக்குக்கான கலவையை வீட்டில் தயாரித்துத் தெருப் பேக்கரியின் ஓவனுக்குக் கொடுத்தனுப்பிச் சுட்டுப் பெற்றன. வேறு பல வீடுகளில் பாத்திரத்துக்கு மேலும் கீழும் தணலிட்டனர். 1950-களின் இறுதியில் பெங்களூரில் பிரஸ்டீஜ் பிரஷர் குக்கர் தயாரிப்பு தொடங்கிய பிறகு, குக்கருக்குள் மணலோ உப்போ பரப்பி, வளையத்தையும் விசிலையும் நீக்கி, நீரின்றிச் சூடேற்றும் முறை மகளிர் பத்திரிகைகள் வழியாகப் பரவியது. ஆவியில் வேகவைக்கும் கருவியை உலர்வெப்பக் கருவியாக மாற்றிய இந்த உத்தியைத் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். மேசைமேல் வைக்கும் மின்சார ஓ.டி.ஜி. நடுத்தர வகுப்பு வீடுகளில் பரவலானது அதற்கும் பிறகு.

ஐந்தும் ஒரே அடுக்களையில் கூடியபோதுதான் வீட்டுப் பிரவுனி இயல்வதாயிற்று. அதன் செய்முறையிலும் பெங்களூரின் நிலவியல் குறுக்கிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இந்நகர் இருப்பதால் இங்கு நீர் 97 டிகிரி அளவிலேயே கொதிக்கிறது. காற்றழுத்தம் குறைவாதலால் பேக்கிங் பவுடர் இட்ட கேக் விரைந்து எழும்பி நடுவில் அமுங்கக்கூடும். பிரவுனிக்கு எழுச்சி தேவையில்லை. அடர்த்தியே அதன் இயல்பு. மேடான நகரத்துக்கு ஏற்ற பண்டம் அது.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு ஓர் அளவு தருகிறேன். 150 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் கருஞ்சாக்லேட்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி ஆறவிட வேண்டும். மூன்று முட்டைகளோடு 200 கிராம் சர்க்கரையை நன்கு நுரைக்க அடித்தால் மேற்புறத்தில் மெல்லிய, மினுமினுப்பான ஏடு கிடைக்கும். இரண்டையும் கலந்து, 80 கிராம் மைதா, 25 கிராம் கொக்கோத் தூள், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி முதல் டிகாக்‌ஷன் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். 170 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். நடுவில் குத்திய குச்சியில் ஈரத்துகள் ஒட்டும்போதே எடுத்துவிடுவது நல்லது. நன்றாக ஆறிய பின், 75 கிராம் வெண்ணெயில் 120 கிராம் பொடித்த சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி கெட்டி டிகாக்‌ஷனும் குழைத்த காப்பி அடுக்கு. அது குளிர்ந்து இறுகியதும், 100 கிராம் சாக்லேட்டைச் சூடான 100 மில்லி கிரீமில் கரைத்த மேலடுக்கு.

காப்பியும் சாக்லேட்டும் இணங்கிப்போவதற்குக் காரணம் உண்டு. கொக்கோக் கொட்டை ஐந்தாறு நாள் நொதிக்கவிட்டு, உலர்த்தி, வறுக்கப்படுகிறது. காப்பிக் கொட்டையும் வறுபடுகிறது. 1912-இல் லூயி காமில் மையார் விளக்கிய, சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையிலான வேதிவினை இரண்டிலும் நிகழ்ந்து, ஒத்த குடும்பத்து மணப்பொருள்களைத் தருகிறது. சிக்கரி கலந்த பொடியானால் கசப்பு சற்று மிகும். சர்க்கரையைச் சிறிது கூட்டிக்கொள்ளலாம். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவு விதி. கலப்பு விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டே ஆக வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் கடைகள் அடைபட்டிருந்தபோது பல அடுக்களைகள் சிறுதொழிற்கூடங்களாயின. வீட்டில் சுட்டு அக்கம்பக்கத்தாருக்கு விற்கத் தொடங்கியவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் வீட்டுக் கலவை பேக்கரி ஓவனைத் தேடிச் சென்றது. இப்போது பேக்கரியின் வாடிக்கையாளர் வீட்டு ஓவனைத் தேடி வருகிறார். இவ்வுழைப்பு 'பொழுதுபோக்கு' என்று வீட்டாராலேயே குறிக்கப்படுவதையும், மின்கட்டணமும் நேரமும் விலையில் சேர்க்கப்படாமல் போவதையும் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். உறங்கும் வீட்டில் ஊதியமின்றி வேலை செய்யும் பிரவுனித் தெய்வத்தின் கதை இங்கு நினைவுக்கு வராமல் போகாது.

தொடக்கத்தில் வைத்த பாகுபாட்டுக்குத் திரும்புகிறேன். சர்க்கரை இங்கிருந்து சென்றது. காப்பி வந்து நான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. கொக்கோ குற்றாலத்துக்கு வந்தது 1798-இல். வெண்ணெய்க் கட்டி குன்னூரிலிருந்து இறங்கியது. ஓவன் படையோடு வந்து, தெருவில் நின்று, பின்னர் வீட்டுக்குள் நுழைந்தது. இவற்றை 'வந்தவை' என்ற ஒரு சொல்லில் அடக்கினால் கண்டிக்குக் காட்டு வழியே நடந்தவர்களும், தோப்பில் காய் அழுகக் கண்ட உழவர்களும், பேக்கரிப் பலகையின் சாதிப்பெயரும் ஒருசேர மறைந்துபோகின்றன. 'நம்முடையது' என்று உரிமை கொண்டாடினாலும் அதே மறைப்புதான் நிகழ்கிறது. ஆகவே பண்டத்தின் பிறப்பிடத்தைக் கேட்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு பொருளையும் யார் விளைவித்தார்கள், யார் சுட்டார்கள், யார் முதலில் உண்டார்கள் என்று தனித்தனியே கேட்பதே உணவு வரலாற்று மாணவர்களுக்கு நான் முன்வைக்கும் முறை.

இதற்கான தரவுகள் நூலகங்களில் மட்டும் இல்லை. ஓவனையும் பேக்கிங்கையும் உங்கள் வீட்டு மூத்தோர் என்ன சொல்லால் குறித்தார்கள், குக்கரில் மணலிட்டுச் சுட்ட கேக்குக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள், கலவையைத் தெருப் பேக்கரிக்கு யார் கையில் கொடுத்தனுப்பினார்கள் என்பவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். குறிப்பாக மலையகத்திலிருந்து புத்தூர், சுள்ளியா வந்த குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்கள் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் பாட்டிமார் 'கோப்பி' என்கிறார்களா 'காப்பி' என்கிறார்களா என்பதைத் தெரிவித்தால் என் ஆய்வுக்குப் பேருதவியாக இருக்கும்.